வீட்டுக்கு வீடு டோர் ஸ்டெப்

"ஆத்தா, எனக்கு மட்டும் எப்ப பேரு வெப்பீங்க?"

வையாபுரி கேட்டாரு.

ஆத்தா கடலை உரிச்சிக்கிட்டு இருந்துச்சு. நிமிரல.

"இருக்கிற பேருக்கு என்ன கேடு?"

"குப்புவுக்கு வெச்சீங்க. நேத்து வந்த பால்காரருக்குக் கூட வெச்சீங்க. பத்தோட பதினொண்ணா என்னை மட்டும் ஓரமா நிறுத்திட்டீங்க. நான் என்ன இளிச்சவாயனா?"

"வாயை மூடுங்க, பாத்துச் சொல்றேன்."

இது நடந்தது கரடிப்பாறை மடத்துல.

மடம்னதும் கோபுரம், யானைன்னு போயிடாதீங்க. தகரம் போட்ட ஒரு கூடம். ஓரத்துல அடுப்படி. பின்னால கத்திரித் தோட்டம். முன்னால ஒரு வாசப்படி. அம்புட்டுத்தான்.

மடத்துக்குக் குருவான ஆத்தாவுக்கு முப்பத்தஞ்சு வயசு இருந்தா அதிகம். வையாபுரிக்கு அறுபது ஆச்சு. மக வயசு தான். ஆனா அந்தம்மா ஒரு பார்வை பாத்தா அவரு டிக்கெட் எடுக்காத ஆளு மாதிரி பம்முவாரு.

டிக்கெட்டுன்னதும் சொல்லிடுறேன். அவரு பஸ் கண்டக்டரா இருந்தவரு. பழனி, கொடைக்கானல் ரூட்டு. ஆயுசு பூரா மலை ஏறி மலை இறங்கினாரு. இன்னமும் கோவம் வந்தா கை தானா சட்டைப் பைக்குள்ள போயி விசிலைத் தேடும்.

மடத்துல ஒரு வழக்கம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஆத்தா ஒரு ஆளைக் கூப்பிட்டு முன்னால உக்கார வெக்கும். காதுல ஒரு பேரு சொல்லும்.

அந்தப் பேரை வெளிய விடக் கூடாது. விட்டா பேருக்கு ருசி போயிடுமாம்.

பேரு வாங்கினவன் ஒவ்வொருத்தனும் விழுந்து விழுந்து சிரிப்பான். வயித்தைப் புடிச்சுக்கிட்டு கூடத்துலயே உருளுவான்.

அவன் சிரிக்கிற சிரிப்புல வையாபுரிக்கு வயிறு எரியும்.

சமையக்காரக் குப்பு வேற சும்மா இருக்க மாட்டான். "அண்ணே, என் பேரை மட்டும் நீங்க கேட்டீங்க, அசந்துருவீங்க. அப்படி ஒரு பேரு."

"சொல்லித் தொலையேன்டா."

"ருசி போயிரும்ணே."

அதனால தான் அன்னைக்கு வையாபுரி ஒரே முடிவா வாசப்படிக்கு வெளிய நின்னுக்கிட்டாரு.

"பேரு வெச்சாத்தான் உள்ள வருவேன்."

"சரி," ஆத்தா சொல்லுச்சு. "குப்பு, கண்டக்டருக்கு சோத்தை வெளிய குடு."

அவ்வளவு தான். சமாதானம் பேசுவாங்கன்னு பாத்தா சோத்தைப் பேசிட்டாங்க.

*

அந்த வாரம் ஒரு வெள்ளக்காரம்மா வந்துச்சு.

"யாருடா வந்திருக்கிறது?" வையாபுரி கேட்டாரு.

"இல்டா," குப்பு சொன்னான்.

"என்னடா இல்ல? கண்ணு முன்னால நிக்கிறாங்க."

"பேரே அதான்ணே. இல்டா."

ஹில்டா. குப்பு வாயில 'ஹி' தங்காது.

அந்தம்மாவுக்கும் வையாபுரி வயசு தான். வெயில்ல தக்காளி மாதிரி சிவந்து போயி, பெரிய தொப்பி ஒண்ணைப் போட்டுக்கிட்டு, வந்ததும் வராததுமா ஆத்தா முன்னால சம்மணம் போட்டு உக்காந்துச்சு. சம்மணம் சரியா வரல. ஒரு முட்டி வானத்தைப் பாத்துச்சு.

மடத்துல இங்கிலீஷ் தெரிஞ்சது வையாபுரிக்கு மட்டும் தான். கேட்டா புரிஞ்சுக்குவாரு, பேசுறது மட்டும் பஸ் இங்கிலீஷ். 'கம், கோ, ஒன்லி ஸ்டாண்டிங்.' அவரு வாசப்படிக்கு வெளிய நின்னபடியே தலையை மட்டும் உள்ள நீட்டி மொழிபெயர்த்தாரு.

ஹில்டாம்மா பேசுச்சு. பேசப் பேச மூக்கை உறிஞ்சுச்சு.

"என்ன சொல்றாங்க?"

"ஆத்தா, இவங்க ஊர்ல ஒரு தெருவாம். எல்லா வீடும் ஒரே மாதிரியாம், கதவு கலரு மட்டும் வேறயாம். கல்யாணம் கட்டி வந்த நாள்ல இருந்து அந்தத் தெருவுல தான் இருக்காங்களாம். புருஷன் போயிட்டாராம். இன்னைக்கு வரைக்கும் பக்கத்து வீட்டுக்குள்ள செவுரு என்ன நிறம்னு தெரியாதாம். ஒருத்தரும் உள்ள வான்னு கூப்பிட்டது இல்லையாம். உலகத்துல எனக்கு மட்டும் ஏன் இப்படின்னு கேக்குறாங்க."

ஆத்தா ஒரு கடலையை உடைச்சுச்சு. ஒரு பருப்பைத் தான் போட்டுக்கிச்சு. இன்னொண்ணை ஹில்டாம்மா கையில வெச்சுச்சு.

"வீட்டுக்கு வீடு வாசப்படி."

வையாபுரிக்கு வேர்த்துருச்சு.

நமக்குப் புரிஞ்சிடும். எந்த வீட்டுல தான் இல்ல, எல்லா வீட்டுலயும் உள்ளது தான், மனசை விடாதேன்னு அர்த்தம். இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது? அவரு ரூட்டுல இந்த ஸ்டாப்பிங்கே கிடையாது.

ஆத்தா அவரைப் பாத்துச்சு.

"கண்டக்டரே, பேரு வேணும்னீங்கல்ல?"

"ஆமா ஆத்தா!"

"நான் சொன்னதை இவங்க கையில சிந்தாம குடுங்க. குடுத்துட்டீங்கன்னா வர்ற பௌர்ணமிக்கு உங்களுக்குத் தான் பேரு."

"சிந்தினா?"

"வெளிய காத்து நல்லா தான வருது?"

*

வையாபுரி ஒண்ணும் லேசுப்பட்ட ஆளு இல்ல. யோசிச்சாரு. வெள்ளக்காரங்க வார்த்தையை வெள்ளக்காரங்ககிட்டயே கேட்டுட்டா?

"மேடம், எங்க பாத்தாலும் இருக்கு, எல்லார்கிட்டயும் இருக்கு, சாதாரணம். அதுக்கு உங்க ஊர்ல என்ன சொல்லுவீங்க?"

இதைக் கேட்டு முடிக்க அவருக்கு ரெண்டு கையும் பத்தல. காலையும் ஆட்ட வேண்டியதாப் போச்சு.

ஹில்டாம்மாவுக்குப் புரிஞ்சுது. "ஓ! காமன் ஆர் கார்டன்."

ஓடுனாரு வையாபுரி. வாசப்படி வரைக்கும்.

"ஆத்தா, கிடைச்சிருச்சு! காமன் ஆர் கார்டன்!"

"அப்படின்னா?"

"பொதுவானது, தோட்டத்துல கிடக்கிறது. சாதாரணமா இருக்கிறதுக்கு அவங்க ஊர்ல அப்படித் தான் சொல்றது. தோட்டத்துப் பொருள்னு."

"தோட்டத்துல இருந்தா சாதாரணமா?"

"அவங்க கணக்குல அப்படி."

"நம்ம தோட்டத்துல போயி ஒரே மாதிரி ரெண்டு கத்திரிக்கா பறிச்சுட்டு வாங்க. அச்சு அசலா இருக்கணும்."

இது ஒரு வேலையான்னு போனாரு.

ஒண்ணு பறிச்சாரு. அதுக்கு ஜோடி தேடுனாரு. ஒண்ணுக்கு மூக்கு நீளம். ஒண்ணுக்குத் தொப்பை. ஒண்ணு வெக்கப்பட்ட மாதிரி இலைக்கு அடியில முகத்தைத் திருப்பிக்கிட்டு இருக்கு. ஒண்ணைப் பாத்தா அவரு பழைய டிப்போ மேனேஜர் மாதிரியே இருக்கு. அதை மட்டும் கொஞ்சம் அழுத்தமாவே பறிச்சாரு.

மத்தியானம் வரைக்கும் தேடுனாரு. விரல் பூரா முள்ளு. மடி பூரா கத்திரிக்கா. ஜோடி மட்டும் இல்ல.

"ஆத்தா, ஒண்ணு கூட ஒண்ணு மாதிரி இல்ல."

"அப்படியா," ஆத்தா சொல்லுச்சு. "குப்பு, எல்லாத்தையும் வாங்கி வெய்யி."

அன்னைக்கு மடத்துல கத்திரிக்கா குழம்பு. கத்திரிக்கா பொரியல். குப்பு கடுப்புல ரசத்துலயும் கத்திரிக்காயைப் போட்டுட்டான்.

*

மறுபடி ஹில்டாம்மாகிட்ட போனாரு.

"மேடம், கார்டன் நோ. வேற?"

"டென் எ பென்னி."

வந்தாரு. "ஆத்தா, காசுக்குப் பத்து. எக்கச்சக்கமா கிடைக்கிறதுக்கு அந்தப் பேரு."

"அந்தம்மா அழுதாங்களே, கண்ணு முன்னால. அதைப் போயி காசுக்குப் பத்துன்னு சொல்லப் போறீங்களா?"

வையாபுரி விரல்ல இருந்த கத்திரி முள்ளைப் பிடுங்க ஆரம்பிச்சாரு.

"கண்டக்டர் புத்தி. சில்லறையிலயே நிக்குது. போங்க, போங்க."

போனாரு. வந்தாரு.

"இது பாருங்க ஆத்தா, இது நிச்சயம். எவ்ரி டாம், டிக் அண்ட் ஹாரி. மூணு ஆளு பேரு. நம்ம ஊர்ல குப்பன், சுப்பன்னு சொல்றோம்ல, அது மாதிரி. கண்டவன் நின்னவன் எல்லாம்..."

அடுப்படியில இருந்து கரண்டி சத்தம் நின்னு போச்சு.

"என்னண்ணே சொன்னீங்க?"

"உன்னை இல்லடா குப்பு."

"கண்டவன் நின்னவன்னா குப்பனா? நான் பொங்கினதைத் தான நாலு வேளையும் முழுங்குறீங்க? ஏன், வையாபுரின்னு சொன்னா என்னவாம்? 'வையாபுரி, கொய்யாபுரி எல்லாம் வந்துட்டான்'னு சொல்ல வேண்டியது தான?"

"டேய், என் பேரை இழுக்காதடா!"

"வலிக்குதுல்ல?"

ஆத்தா சிரிப்பை அடக்க வாயில கடலையை அள்ளிப் போட்டுக்கிச்சு. மென்னு முடிச்சுட்டுச் சொல்லுச்சு.

"அந்த டாம், டிக்கு, ஹாரி மூணு பேரும் ஒரு நாளைக்கு வரட்டும் கண்டக்டரே. பாவம், ஊரே ஏசுது. சோறு போட்டு அனுப்புவோம்."

அன்னைக்கு ராத்திரி வையாபுரி தட்டுல விழுந்தது அடிப்பிடிச்ச சோறு தான். குப்பு நியாயஸ்தன்.

*

கடைசியா ஒண்ணு கொண்டு வந்தாரு.

"ரன் ஆஃப் த மில். மில்லுல ஓடி வர்றது. தரம் பிரிக்காம மொத்தமா கொட்டுறது. அதான் சாதாரணம்."

"மில்லுல பாத்திருக்கீங்களா?"

"இல்ல ஆத்தா."

"பாத்துட்டு வந்துருங்க."

கீழ ஊர்ல ஒரு ரைஸ் மில் இருக்கு. போயி நின்னாரு. அரிசி வருது, குருணை வருது, தவிடு பறக்குது, உமி ஒரு பக்கம் மலையா குவியுது. மில்லுக்காரர் கத்துறாரு, "பெருசு, தள்ளி நில்லு, பெல்ட்டுல வேட்டி மாட்டிக்கும்!" சத்தத்துல இவருக்குக் கேக்கல. "என்னது, ரெண்டு டிக்கெட்டா?"ன்னாரு.

திரும்பி வந்தப்ப தலையில இருந்து கால் வரைக்கும் வெள்ளை. பின்னால தவிட்டு வாசனைக்கு நாலஞ்சு கோழி.

ஆத்தா எந்திரிச்சு வாசப்படிக்கு வந்துச்சு. மேலயும் கீழயும் பாத்துச்சு.

"இப்பத் தான் நீங்க முழு வெள்ளக்காரரு. இனிமே இங்கிலீஷ் தானா வரும்."

வையாபுரி தும்முனாரு. கோழி எல்லாம் தெறிச்சு ஓடுச்சு.

"ஆத்தா, விளையாடாதீங்க. பௌர்ணமி நெருங்குது. எந்த வார்த்தையைக் கொண்டாந்தாலும் தட்டி விடுறீங்க."

"நானா தட்டுறேன்? சாதாரணத்தைச் சொல்ல அவங்க தோட்டத்துக்குப் போனாங்க, சந்தைக்குப் போனாங்க, மில்லுக்கும் போனாங்க. ஏன் கண்டக்டரே, அந்த ஊரு வீட்டுல எல்லாம் வாசப்படியே கிடையாதா?"

நல்ல கேள்வி. போயிக் கேட்டாரு.

"மேடம், யுவர் ஹவுஸ், டோர், கீழ ஸ்டெப், இருக்கா?"

"டோர் ஸ்டெப்? இருக்கே!"

"எதுக்கு?"

ஹில்டாம்மா கொஞ்சம் யோசிச்சுச்சு.

"பால் பாட்டில் வெக்க."

ஆத்தாகிட்ட வந்து சொன்னாரு. "இருக்காம் ஆத்தா. காலையில பால்காரன் பாட்டிலை வெப்பானாம். இவங்க கதவைத் திறப்பாங்களாம், பாட்டிலை எடுப்பாங்களாம், கதவைச் சாத்திடுவாங்களாம்."

ஆத்தா உரிச்ச கடலையைக் கையிலயே வெச்சிருந்துச்சு. ரொம்ப நேரம் வாயில போடல.

*

பௌர்ணமி அன்னைக்குக் காலையில ஹில்டாம்மா வையாபுரியைப் புடிச்சுக்கிச்சு. மறுநாள் பஸ் ஏறணும் அதுக்கு.

"மிஸ்டர் வையாபூரி. அவங்க என்ன தான் சொன்னாங்க? நல்லா இருக்கோ இல்லையோ, சொன்னதைச் சொன்னபடி சொல்லுங்க."

வையாபுரிக்கு மூளை காஞ்சு போயிருந்துச்சு. விரல்ல இன்னும் கத்திரி முள்ளு. காதுல இன்னும் மில்லு ஓடுது.

வந்தது வரட்டும்னு கையை ஊரைப் பாத்து நீட்டுனாரு. ஸ்டாப்பிங் சொல்ற மாதிரியே சொன்னாரு.

"ஹவுஸ்... ஹவுஸ்... டோர் ஸ்டெப்."

ஹில்டாம்மா அவரு கையைப் பாத்துச்சு. கை நீண்ட திசையைப் பாத்துச்சு. அங்க ஊரு. ஊர்ல வீடு. வீட்டுக்கு முன்னால படி.

"ஆ," அப்படின்னுச்சு.

தொப்பியை எடுத்து மாட்டிக்கிச்சு. இறங்கிப் போயிருச்சு.

வையாபுரி அப்பாடான்னு மரத்தடியில சாஞ்சாரு. கண்ணு அசந்துச்சு.

எழுப்புனது குப்பு தான். மூச்சு வாங்கிட்டு நின்னான்.

"அண்ணே! இல்டாம்மா போயி ஊருக்குள்ள முதல் வீடு, அந்த ராக்கம்மா வீட்டு வாசப்படியில உக்காந்திருக்கு!"

"படிக்கு முன்னாலயா?"

"படி மேலண்ணே! நடு வாசப்படியில! காலை நீட்டிக்கிட்டு!"

வையாபுரிக்குப் பகீர்னுச்சு.

நம்ம ஊர்ல தெருவுல உருளலாம். கூரை மேல ஏறிக் குதிக்கலாம். வாசப்படியில மட்டும் உக்காரக் கூடாது. மகாலெச்சுமி வர்ற வழி அது. வந்தா உள்ள வரணும், இல்ல வெளிய போகணும். நடுவுல உக்காந்தா வீட்டுக்கு ஆகாது. பொறந்த புள்ளைக்குக் கூடத் தெரியும்.

இங்கிலாந்துல பொறந்த புள்ளைக்குத் தெரியாதே.

விழுந்தடிச்சு ஓடுனாரு. ஒரு வேப்ப மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு எட்டிப் பாத்தாரு. முன்னால போக தைரியம் இல்ல.

ராக்கம்மா சாதாரணமாவே சத்தமாப் பேசுற ஆளு. இப்ப கேக்கணுமா?

"அய்யய்யோ! இந்தாம்மா! விளக்கு வெக்கிற வீட்டுல வாசப்படியில குந்தியிருக்கியே! எந்திரி, எந்திரி!"

ஹில்டாம்மா சிரிச்சுது. எந்திரிக்கல.

ராக்கம்மாவுக்கு என்ன பண்றதுன்னு தெரியல. வெளிய போன்னு சொல்லவா முடியும்? கடல் தாண்டி வந்த பொம்பளை. படியிலயும் விட முடியாது. அப்ப மிச்சம் இருக்கிறது ஒண்ணு தான்.

"சரி, உள்ள வா! உள்ள வந்து தொலை தாயே!"

கையைப் புடிச்சு உள்ள இழுத்துக்கிட்டுப் போயிருச்சு.

கொஞ்ச நேரத்துல ஹில்டாம்மா வெளிய வந்துச்சு. வாய் ஓரமா காப்பி நுரை.

நேரா அடுத்த வீடு. அடுத்த வாசப்படி. உக்காந்துச்சு.

"ஏய், யாருப்பா அது படியில! உள்ள வாம்மா, உள்ள வா!"

அந்த வீட்டுல தூளியில ஒரு கைக்குழந்தை கத்திக்கிட்டு இருந்துச்சு. ஹில்டாம்மா ஆட்டுச்சு. என்னமோ ஒரு இங்கிலீஷ் தாலாட்டு. குழந்தை இது என்னடா புதுசா இருக்குன்னு வாயை மூடிக்கிச்சு.

அதுக்கு அடுத்த வீட்டுல புருஷன் பொண்டாட்டி சண்டை. படியில வெள்ளக்காரம்மாவைப் பாத்ததும் ரெண்டு பேரும் கப்சிப். உள்ள கூப்பிட்டு நடுவுல உக்கார வெச்சு, நீயே நியாயம் சொல்லும்மான்னு ஆளுக்கு ஒரு பக்கம் பிராது வெச்சாங்க. அந்தம்மா அவளைப் பாத்து "வெரி குட்"னுச்சு. அவனைப் பாத்தும் "வெரி குட்"னுச்சு. ரெண்டு பேரும் ஜெயிச்சுட்டாங்க.

இன்னொரு வீட்டுல பாண்டியம்மான்னு ஒரு பொம்பளை, தனியா இருக்கிறவ. இருந்த ஒரே மகனும் துபாய்ல. அவ ஹில்டாம்மா கையைப் புடிச்சுக்கிட்டு மகன் கதையை மூச்சு விடாம சொன்னா. தமிழ்ல தான். அவளும் அழுதா, இதுவும் அழுதுச்சு. அப்புறம் என்ன நினைச்சாங்களோ, ரெண்டு பேரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு சேந்து முருங்கைக்கீரை ஆஞ்சாங்க.

ஒளிஞ்சு ஒளிஞ்சு வீட்டுக்கு வீடு பின்னாலயே போயி ஜன்னல் வழியா இதை எல்லாம் பாத்த வையாபுரிக்கு ஒண்ணே ஒண்ணு தான் ஓடுச்சு.

சிந்திட்டேன்.

மொத்தமா கவுத்துட்டேன்.

போச்சு. பேரு போச்சு.

*

சாயங்காலம் ஆச்சு. நிலா கிளம்புற நேரம். கூடத்துல பாய் விரிச்சாச்சு. எல்லாரும் உக்காந்தாச்சு.

வையாபுரி மடத்து வாசலுக்கு வந்தாரு. காலு உள்ள போகல. வெளிய போகவும் மனசு இல்ல. அப்படியே தொப்புனு உக்காந்துட்டாரு.

உள்ள இருந்து ஆத்தா கேட்டுச்சு. "குடுத்துட்டீங்களா கண்டக்டரே?"

"சிந்திட்டேன் ஆத்தா. அர்த்தத்தைக் குடுக்கத் தெரியல. வார்த்தையைத் தூக்கிக் குடுத்துட்டேன். அந்தம்மா அதை நெசம்னு நம்பி ஊரு பூரா படி படியா உக்காந்துட்டு இருக்காங்க. தப்பு என் மேல தான். எனக்குப் பேரு வேணாம்."

குப்புவே எட்டிப் பாத்துட்டு கேலி பண்ணாம போயிட்டான்.

அப்ப வந்துச்சு ஹில்டாம்மா.

தொப்பியைக் காணோம். தலையில ஒரு முழம் மல்லிகை. கையில கண்ணாடி வளையல், கை அசைஞ்சா கலகலங்குது. மூஞ்சியில மஞ்சள். நெத்தியில ஆளுக்கு ஒண்ணா வெச்சு விட்டதுல வரிசையா குங்குமம். கக்கத்துல ஒரு கட்டு முருங்கைக்கா.

வந்து, வையாபுரி பக்கத்துல, மடத்து வாசப்படியில, ஜம்முனு உக்காந்துச்சு.

அவ்வளவு தான். வையாபுரிக்கு வருத்தம் எல்லாம் மறந்து போச்சு. அவருக்குள்ள இருந்த கண்டக்டர் துள்ளி எந்திரிச்சாரு.

"மேடம், மேடம்! படியில உக்காராதீங்க! இன்சைடு, இன்சைடு! உள்ள போங்க! இடம் இருக்கு, உள்ள போங்க!"

கை சட்டைப் பைக்குள்ள போயி விசிலைத் தேடுச்சு.

"கண்டக்டரே," ஆத்தா கேட்டுச்சு, "நீங்க எதுல உக்காந்திருக்கீங்க?"

வையாபுரி குனிஞ்சு பாத்தாரு.

படி.

நிமிந்து பாத்தாரு. ஹில்டாம்மா எந்திரிச்சு நின்னுச்சு. வளையல் குலுங்க அவரைப் பாத்துக் கையை நீட்டுச்சு. நாள் பூரா வீட்டுக்கு வீடு கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆன வார்த்தையை அச்சு அசலா ராக்கம்மா குரல்லயே சொல்லுச்சு.

"உள்ள வந்து தொல தாயே!"

கூடமே குலுங்கிருச்சு.

வையாபுரி கையைப் புடிச்சுக்கிட்டு உள்ள வந்தாரு. உள்ள வந்ததே பாய்ல உக்காந்த பிறகு தான் அவருக்குத் தெரிஞ்சுது.

"அந்தம்மாவைக் கேளுங்க," ஆத்தா சொல்லுச்சு. "ஊருக்குள்ள என்ன பாத்தாங்களாம்?"

கேட்டாரு. ஹில்டாம்மா ரொம்ப நேரம் பேசுச்சு. இந்த வாட்டி மூக்கை உறிஞ்சல.

"என்ன சொல்றாங்க?"

"ஒரு வீட்டுல சண்டையாம். ஒரு வீட்டுல சந்தோஷமாம். ஒரு வீட்டுல இவங்களை மாதிரியே ஒரு அம்மாவாம். இவங்க தெருவுலயும் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலயும் யாராவது தனியா டீ குடிச்சுக்கிட்டு இருப்பாங்களோன்னு இப்பத் தான் தோணுதாம். ஊருக்குப் போனதும் பால் பாட்டிலைத் தள்ளி வெச்சுட்டு பக்கத்து வீட்டுப் படியில போயி உக்காரப் போறாங்களாம்."

"போலீஸைக் கூப்பிட மாட்டாங்களான்னு கேளுங்க."

கேட்டாரு.

"கூப்பிட்டா போலீஸ்காரர் வீட்டுப் படியிலயும் உக்காருவாங்களாம்."

ஆத்தா ஒரு கடலையை எடுத்துச்சு.

"நீங்க அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"ஹவுஸ், ஹவுஸ், டோர் ஸ்டெப்."

"நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்?"

"வீட்டுக்கு வீடு வாசப்படி."

ஆத்தா ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுச்சு. பாயைத் தடவிப் பாத்துச்சு. குனிஞ்சு வையாபுரி மடியைப் பாத்துச்சு.

"எங்கயும் சிந்தலையே."

வையாபுரியும் குனிஞ்சு தன் மடியைத் தடவிப் பாத்தாரு.

"கிட்ட வாங்க."

நகந்து போனாரு. குப்பு துண்டை எடுத்து வாயில அடைச்சுக்கிட்டான்.

ஆத்தா அவரு காதுகிட்ட குனிஞ்சுச்சு. மெதுவா, ஒவ்வொரு எழுத்தா, பொறந்த குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்லுச்சு.

"வையாபுரி."

அவரு மிச்சத்துக்குக் காத்திருந்தாரு.

மிச்சம் இல்ல.

திரும்பிக் குப்புவைப் பாத்தாரு. குப்பு கூரையில தகரத்தை எண்ணிக்கிட்டு இருந்தான். பால்காரரைப் பாத்தாரு. பால்காரர் தோளு ரெண்டும் குலுங்கிக்கிட்டு இருந்துச்சு.

"அடப்பாவிகளா," வையாபுரி சொன்னாரு. "உங்க எல்லாருக்கும் இருக்கிற பேரு தானா?"

அப்புறம் சிரிச்சாரு பாருங்க, பாய்ல விழுந்து, உருண்டு, குப்பு மேல முட்டி, ரெண்டு பேரும் சேந்து உருண்டு, கண்ணுல தண்ணி கொட்ட, தோட்டத்துக் கத்திரிச் செடி வரைக்கும் கேக்குற சிரிப்பு.

ஹில்டாம்மாவுக்கு ஒண்ணும் புரியல. ஆனா அதுவும் சிரிச்சுது. சிரிச்சுக்கிட்டே அவரு தோளைத் தட்டுச்சு.

"மிஸ்டர் வையாபூரி! என்ன பேரு சொன்னாங்க?"

வையாபுரி எந்திரிச்சு உக்காந்தாரு. வேட்டியை இழுத்து விட்டுக்கிட்டாரு. கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு.

"காமன் ஆர் கார்டன், மேடம்."